விரலை எடுப்பதற்கு முன், கடைமடைக்கு ரத்தம் போகிறதா என்று பாருங்கள்

கேள்வி:

ஐயா, நாங்கள் குடியாத்தத்தில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது. குழித்தறியில் லுங்கி நெய்கிறவர். சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. பீடிப் பழக்கம் உண்டு. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்தார். மறுநாள் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது. வலிக்கவில்லை என்று சொல்லித் தறியில் உட்கார்ந்துவிட்டார். அது உடைந்து புண்ணாகி ஒன்பது வாரம் ஆகிவிட்டது. தினமும் கட்டு மாற்றுகிறோம். ஆன்டிபயாடிக் மூன்று முறை மாற்றிக் கொடுத்தார்கள். சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் புண் ஆறவில்லை. போன வாரம் விரலின் நுனி கருத்துவிட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். உறவினர் ஒருவர், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் புண் ஆறும், வேலூருக்கு அழைத்துப் போங்கள் என்கிறார். கிரியேட்டினின் 1.6 இருப்பதால் சாய மருந்து ஏற்றினால் சிறுநீரகம் போய்விடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். இந்த வயதில் இதெல்லாம் தாங்குமா? காலை வெட்டுவதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறார் அப்பா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வேண்டும் என்றும் பிடிவாதம். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். நாங்கள் என்ன செய்வது?

— ஒரு மகள், குடியாத்தம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அப்பா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்கிறீர்கள். அது பழக்கம் அல்ல. படுத்திருக்கும்போது பாதத்துக்கு எட்டாத ரத்தம், காலைத் தொங்கப் போட்டால் பூமியின் ஈர்ப்பில் கொஞ்சம் இறங்கி வருகிறது. அந்தக் கொஞ்சத்துக்காக அவர் உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. கருத்துப்போன விரல் நுனியையும், ஒன்பது வாரமாக அசையாத புண்ணையும் இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, அவர் பாதத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். ரத்தக் குழாய் மருத்துவனான என்னாலும் நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் இனி ஒரு வாரமும் கடக்கக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் உறவினர் சொன்னது சரி. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம், அந்த டாக்டர் சொல்வதும் தவறில்லை. ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில்தான் கால் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. ரத்தம் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போகவில்லையென்றால் போக வைக்க வேண்டும். கத்தி அதற்குப் பிறகு.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதம் திடீரென்று வீங்கினாலோ, சிவப்பு புண்ணைத் தாண்டி மேலே ஏறினாலோ, சீழ் வடிந்தாலோ, கெட்ட நாற்றம் வந்தாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம் கண்டாலோ, சர்க்கரை காரணமில்லாமல் எகிறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். சீழ் உள்ளே தேங்கினால் ஒரே இரவில் பாதத்தைத் தின்றுவிடும். அப்போது முதலில் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும். ரத்த ஓட்டத்தை அதற்கு அடுத்த ஓரிரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். அன்று குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கே முதலில் ஓடுங்கள். அங்கிருந்து வேலூருக்கு அனுப்புவார்கள்.

சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, ஆன்டிபயாடிக்கும் கொடுத்தோம், பிறகு ஏன் ஆறவில்லை என்று கேட்கிறீர்கள். நம் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஏரிப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஏரி நிறைந்திருக்கும், மதகும் திறந்திருக்கும். ஆனால் கால்வாய் நடுவில் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். அந்த வயலில் உரத்தைக் கொட்டி என்ன பயன்? உடம்பின் கடைமடை கால் விரல். நீங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் ரத்தத்தில் ஏறித்தான் விரலுக்குப் போக வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? மூன்று முறை மருந்து மாற்றியும் பலனில்லை என்றால், அடைப்பு இருக்கிறதா என்ற கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ரத்தக் குழாய் அடைப்பும் சேர்ந்தே இருக்கிறது. பீடி, சிகரெட் பிடிப்பவரின் அடைப்பு பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் வரும். சர்க்கரையின் அடைப்பு முழங்காலுக்குக் கீழே வரும். அங்கே மூன்று தமனிகள் இறங்குகின்றன. முன்பக்கம் இறங்குவது பாதத்தின் மேற்புறத்துக்கும் விரல்களுக்கும் போகிறது. உள் கணுக்காலைச் சுற்றி வருவது உள்ளங்காலையும் குதிகாலையும் காக்கிறது. மூன்றாவது, வெளிப்பக்கக் கணுக்கால்வரை வருகிறது. சர்க்கரை இந்த மூன்றிலும் நீளமாக அடைப்பை உண்டாக்கும், சுவரில் சுண்ணாம்பையும் படிய வைக்கும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு. மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். ஆறுதலான விஷயம் ஒன்றும் இருக்கிறது. பாதத்துக்குள் இருக்கும் தமனிகள் பல நேரம் திறந்தே இருக்கும். நடுவில் உள்ள தூரைத் தாண்டி ஒரே ஒரு தமனியிலாவது நேராகப் பாதம்வரை ரத்தம் பாயச் செய்துவிட்டால், பல புண்கள் ஆறத் தொடங்கிவிடுகின்றன.

இன்னொரு சிக்கல் நரம்பு. அவருக்குக் கொப்புளம் வலிக்கவில்லை என்கிறீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேலூர்ப் பக்கத்துத் தார்ச் சாலை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதில் வெறுங்காலோடு நடந்தும் சுடவில்லை என்றால், பாதம் மரத்துப்போய்விட்டது என்று பொருள். அடைப்பு வந்தவர்களுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் சதை கவ்விப் பிடிக்கும், நின்றால் சரியாகும். மரத்துப்போன காலில் அந்த எச்சரிக்கைகூடச் சரியாக வராது. பாதம் கதகதப்பாகத்தானே இருக்கிறது, ரத்தம் போகிறது போலிருக்கிறது என்று நினைத்தும் ஏமாறாதீர்கள். நரம்பு கெட்ட பாதத்தில் ரத்தம் திசுவுக்குள் இறங்காமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால், உள்ளே பட்டினி கிடக்கும் பாதமும் தொட்டால் சூடாக இருக்கலாம்.

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கருத்துப்போன சுண்டுவிரலோடு ஒரு பெரியவர் வந்தார். விரல் கெட்டுவிட்டது, எடுத்துவிடுவோம் என்று எடுத்தேன். கால் நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. வெட்டிய இடம் ஆறவில்லை. பக்கத்து விரலும் கருத்தது. அதையும் எடுத்தேன். ஆறு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. ரத்தம் போகாத இடத்தில் கத்தி வைத்தால், வெட்டிய காயமும் இன்னொரு ஆறாத புண்ணாகிவிடுகிறது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு எந்தப் பாதத்தையும் நாடி பார்க்காமல் நான் தொட்டதில்லை.

வேலூருக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் விரலால் நாடி பார்ப்பார்கள், பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடம், உள் கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடம். அடுத்து, கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலவே கணுக்காலிலும் பார்த்து, கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளியிடம் இந்த எண் பொய் சொல்லும். சுண்ணாம்பு படிந்த தமனியை அழுத்தினாலும் அது நசுங்காது. அதனால் எண் 1.3, 1.4 என்றுகூட வரும், நல்ல ரத்த ஓட்டம் போலத் தோன்றும். எண் நன்றாக இருக்கிறது, போய்வாருங்கள் என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கால் விரலில் ரத்த அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். விரல் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை, அதனால் அந்த அளவை நம்பலாம். பெருவிரலில் புண் இருப்பதால் பக்கத்து விரலில் பார்ப்பார்கள். அந்த விரலின் ரத்த அழுத்தம் 30-க்குக் கீழே இருந்தால் அவசரம். 60-க்கு மேல் இருந்தால் புண்ணுக்குக் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

பிறகு ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். இதில் ஊசியும் இல்லை, சாய மருந்தும் இல்லை. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். சிகிச்சை வேண்டும் என்று முடிவானால், சாய மருந்தை ஏற்றி ரத்தக் குழாயைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்வார்கள். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சோதனைகள் எல்லாம் தெளிவில்லாமல் வந்தாலும், ஒழுங்கான கவனிப்பு இருந்தும் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆறத் தொடங்காத புண்ணுக்கு ரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட வழிமுறை. உங்கள் அப்பாவுக்கு ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

அடைப்பை நீக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி பலூன். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பு வழியாக நுழைத்துப் பாதம்வரை கொண்டுபோவார்கள். அதன் மேல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள பலூனை ஏற்றி, அடைப்பு இருக்கும் இடத்தில் ஊதி விரிப்பார்கள். மேலிருந்து கம்பி நுழையவில்லை என்றால் பாதத்துத் தமனியில் ஊசி குத்திக் கீழிருந்து மேலே போவதும் உண்டு. நெஞ்சுக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் என்ற வலைக் குழாயை வைப்பது முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் இல்லை. முழு மயக்கம் தேவையில்லை. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

இரண்டாவது வழி பைபாஸ். அவர் காலிலிருந்தே நீளமான ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையையும் கீழே ஒரு முனையையும் தைத்துப் புது வாய்க்கால் வெட்டுவது. பெரிய அறுவைச் சிகிச்சை. இதயம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், நல்ல சிரையும் வேண்டும். ஆனால் நீண்ட நாள் நிற்கும்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ் மேல் என்று 2022-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குப் பலூனை முதலில் செய்வதே மேல் என்று 2023-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. இரண்டையும் படித்த நான், நோயாளியின் படத்தையும் சிரையையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். உங்கள் அப்பாவைப் போன்ற பலருக்குப் பலூனில் தொடங்குகிறோம். இரண்டையும் செய்யத் தெரிந்த இடத்துக்குப் போவது முக்கியம். ஒன்று மட்டுமே தெரிந்த இடத்தில் அந்த ஒன்றைத்தான் சொல்வார்கள்.

பலூன் செய்த தமனி சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடலாமே, பிறகு எதற்கு என்றும் உங்களிடம் சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் புண்ணை ஆற்ற நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய தோலைக் காப்பாற்றக் கொஞ்சம் ரத்தம் போதும். அந்தச் சில மாதங்களுக்குள் புண் மூடிவிட்டால், பிறகு தமனி கொஞ்சம் சுருங்கினாலும் பாதம் பிழைத்துக்கொள்ளும். புதுப் புண் வராமல் காப்பதுதான் அதற்குப் பிறகு உங்கள் வேலை.

சிறுநீரகப் பயத்துக்கு வருகிறேன். சாய மருந்து சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்யும் என்பது உண்மைதான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவுதான் கிரியேட்டினின். 1.6 என்பது கவனமாக இருக்க வேண்டிய அளவு, கைவிட வேண்டிய அளவல்ல. முன்னும் பின்னும் நரம்பு வழியே திரவம் ஏற்றுவார்கள். டாப்ளரை வைத்து முன்பே திட்டமிட்டுக் குறைந்த சாயத்தில் முடிப்பார்கள். தொடைப் பகுதிக்குச் சாயத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்திப் படம் எடுப்பதும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் வலிக்காக மருந்துக் கடையில் அவரே வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை ஏதாவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு அதுவும் பெரிய எதிரி. தினமும் அதை விழுங்கிக்கொண்டு, ஒருமுறை ஏற்றும் சாயத்துக்குப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். உலகத்தில் முதன்முதலாக அறுவை இல்லாமல் கால் தமனியின் அடைப்பை உள்ளிருந்தே விரித்துவிட்டது 1964 ஜனவரி 16-ஆம் தேதி. இடம் அமெரிக்காவின் போர்ட்லண்ட், செய்தவர் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர். அந்த நோயாளி 82 வயது மூதாட்டி. விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் அப்பாவின் அதே பிடிவாதம். டாட்டர் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தித் தொடைத் தமனியை விரித்தார். புண் ஆறியது. இரண்டரை ஆண்டுகள் கழித்து வேறு காரணத்தால் இறக்கும்வரை அந்த அம்மையார் தன் சொந்தக் கால்களில் நடந்தார். பலூன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. 82 வயதில் தொடங்கிய சிகிச்சைக்கு 63 வயது அதிகமில்லை.

ரத்தம் திறந்துவிட்ட பிறகு புண் தானாக ஆறிவிடுமா? ஆறாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பத்தாவது நாள் மனம் உடைந்துவிடுவீர்கள். ரத்தம் பாய்ந்த சில நாட்களில் எது உயிருள்ள சதை, எது செத்தது என்ற எல்லை தெளிவாகும். அப்போது செத்ததை மட்டும் எடுப்பார்கள். விரல் நுனி மட்டும் காய்ந்து கருத்திருந்தால் அதோடு நிற்கலாம். முழு விரல் போகவேண்டியிருக்கலாம். ஆனால் வெட்டிய இடம் இந்த முறை ஆறும். கால் வீங்கும். பல வாரம் காய்ந்து கிடந்த இடத்துக்கு வெள்ளம் வந்த வீக்கம் அது. பயப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். புண் மூட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை கொடுப்பார்கள். புண் ஆறியதும் இவற்றை நிறுத்திவிடுகிறவர்களில் சிலர் அடுத்த ஆண்டு மாரடைப்போடு வருகிறார்கள். காலில் அடைத்த நோய் நெஞ்சிலும் இருக்கலாம்.

பீடி நிற்க வேண்டும். குறைப்பது என்ற பேச்சே வேண்டாம். உங்கள் ஊரைச் சுற்றிப் பீடி சுற்றித்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும், அந்த உழைப்பாளிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் விரித்துவிட்ட தமனியை மறுபடி மூட அந்தப் புகையைவிட வேகமானது எதுவும் இல்லை.

தறி. இதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். புண் பெருவிரலுக்கு அடியில் இருக்கிறது. குழிக்குள் இறங்கி மிதிகட்டையை அவர் அழுத்துவது அதே இடத்தால். நாளுக்கு எத்தனை ஆயிரம் மிதி! மரத்துப்போன பாதத்துக்கு வலியே இல்லை, ஆகவே ஓய்வும் இல்லை. எவ்வளவு ரத்தம் திறந்துவிட்டாலும், மிதிபடும் புண் ஆறாது.

இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்ன மண் நம் மண்தான். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். இங்கும், பக்கத்தில் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கால்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். அவர்கள் பாதம் அழுகுவது சதையின் குற்றத்தால் அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் என்று நிறுவினார். பாதத்தோடு ஒட்டி வார்த்த மாவுக்கட்டில் அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் அதே புண்கள் ஆறுவதைக் காட்டினார். மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பும் அந்தப் பணியோடு வளர்ந்ததுதான். தொழுநோயாளிகளிடம் கற்ற பாடத்தை இன்று உலகம் முழுவதும் சர்க்கரைப் பாதங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அடைப்பு இருப்பதால் மாவுக்கட்டு இப்போது ஏற்றதல்ல. முன்பாதத்தில் எடை விழாதபடி செய்யும் செருப்பைக் கேட்டு வாங்குங்கள். புண் மூடும்வரை தறிக்குழிக்குள் இறங்க விடாதீர்கள். தறி நின்றால் வீட்டில் அரிசிக்கு என்ன வழி என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மிதிக்காத வேலை, பாவு, நூல் சுற்றுவது போல உட்கார்ந்து செய்வதை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். சும்மா உட்கார வைத்தால் கேட்க மாட்டார்.

வெந்நீரில் கால் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். மஞ்சள், பச்சிலை, பவுடர் எதையும் திறந்த புண்ணில் போடாதீர்கள். கருத்த நுனியை வீட்டில் நறுக்காதீர்கள். இடது காலையும் தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில், விரல் இடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். ஒரு காலைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதுதான் மறு கால் கெடுகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், அங்கே எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை உடனே கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் கையோடு எடுத்துவாருங்கள். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இன்றே சொல்லிவையுங்கள். சேர்ப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்தச் சிகிச்சை திட்டத்தில் அடங்குமா என்று கேளுங்கள். பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், அவர் தினமும் போடும் செருப்பு, எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். செருப்பு எதற்கு என்று யோசிக்காதீர்கள். அதன் தேய்மானம் எனக்கு நிறையச் சொல்லும்.

கீழே உள்ளதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, வணக்கம். உங்கள் மகள் உங்களைக் காலை வெட்ட அழைத்துவரவில்லை. வெட்டாமல் இருக்க வழி இருக்கிறதா என்று பார்க்க அழைத்துவருகிறார். அந்த வழி ஒவ்வொரு வாரமும் குறுகிக்கொண்டே வருகிறது. முதல் நாள் நான் செய்யப்போவது உங்கள் பாதத்தைக் கையில் எடுத்து நாடி பார்ப்பதும், ஒரு ஸ்கேனும்தான். விரலில் கொஞ்சம் போனாலும் போகலாம். அதைப் பொய்யாக மறைக்க மாட்டேன். ஆனால் குதிகாலும் பாதமும் இருந்தால் நீங்கள் மறுபடி தறியில் உட்கார முடியும். இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடியை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும். நீங்கள் படி ஏறாமல், செருப்பைக் கழற்றாமல், கீழே நின்று கும்பிட்டால் போதும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். திங்கட்கிழமை காலை, பசியோடு வர வேண்டாம். சாப்பிட்டு, சர்க்கரை மருந்தை வழக்கம்போல எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் வேலூருக்கு வாருங்கள்.